நகர மழைநீரும் செடித்தொட்டிகளும்

வன்னி நாட்டின் ஊர்ப்பெயர்களை வரிசையாக எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். நெளுக்குளம், பண்டாரிக்குளம், வைரவபுளியங்குளம், கூமாங்குளம், தாண்டிக்குளம், கனகராயன்குளம், புளியங்குளம், மாங்குளம், வவுனிக்குளம், இரணைமடு, மூன்றுமுறிப்பு, தண்ணீரூற்று என அவை நீண்டு செல்லும். குளமும் மடுவும் முறிப்பும் ஊற்றுமே இந்நாட்டவரின் முகவரிகள். மாரியிற் பெய்யும் சில மாத மழையைக் கொண்டு ஆண்டு முழுவதும் வாழவேண்டிய நிலத்தில், நீர் நின்ற இடத்தையே ஊரென்று கொண்டனர் எம் முன்னோர்.

அவர்கள் கைக்கொண்ட நீரியல் மூன்று சொற்களில் அடங்கும். தடுத்தல், தணித்தல், தருதல் என்பன அவை. மேட்டுக் காட்டிலிருந்து ஓடிவரும் நீரைக் குளக்கட்டினால் தடுத்தனர். அதன் வேகத்தைத் தணித்து மண்ணுக்குட் புகவிட்டனர். எஞ்சியதைத் துருசு வழியாக வயலுக்குத் தந்தனர். ஒரு குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்நீர் கீழுள்ள குளத்தைச் சேரும். இவ்வாறு ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த குளத்தொடர் முறையைப் பேராசிரியர் மத்தும பண்டார 1985 ஆம் ஆண்டிலே ஆராய்ந்து விளக்கினார். உலக உணவு விவசாய நிறுவனம் 2017 ஆம் ஆண்டில் இலங்கை உலர்வலயத்தின் இக்குளத்தொடர் முறையை உலகப் பெறுமதி வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

நாட்டுப்புறத்தில் இத்துணைச் சிறப்புடன் விளங்கிய அந்நெறி நகரத்தினுள் நுழைந்ததும் மறக்கப்பட்டுவிடுகின்றது. நகரத்தில் வீடோ கடையோ கட்டுவோர், தம் கூரையில் விழும் நீரை இயன்ற விரைவில் வீதிக்குத் தள்ளிவிடுவதையே நோக்கமாகக் கொள்கின்றனர். இந்நிலையை ஓரளவேனும் மாற்றக்கூடிய எளிய அமைப்பொன்று உண்டு. மேலைநாட்டார் அதனை 'ஸ்ரோம்வாற்றர் பிளான்ரர்' என வழங்குவர். யாம் அதனைச் செடித்தொட்டி எனக் குறிப்போம். அதன் இயல்பையும், வன்னி நகரங்களில் அதனைக் கையாளும் முறையையும், அதனால் இயலாதவற்றையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரத்தில் மழை படும் பாடு

காட்டில் விழும் மழைத்துளி முதலில் இலையைச் சந்திக்கின்றது. பின்னர்ச் சருகைச் சந்திக்கின்றது. அதன்பின்னரே மண்ணை அடைகின்றது. வேர்கள் துளைத்த வழிகளினூடே பெரும்பகுதி கீழிறங்கும். மண் நிறைவுற்ற பின்னரே எஞ்சிய நீர் மேற்பரப்பில் ஓடத் தொடங்கும். அவ்வோட்டமும் மெல்லவே நிகழும்.

கூரைத்தகட்டிலும் கொங்கிறீற்று முற்றத்திலும் தார் வீதியிலும் விழும் துளிக்கு இவ்வாய்ப்புகள் ஒன்றும் இல்லை. விழுந்த நீர் ஏறத்தாழ முழுவதும் சில நிமிடங்களில் வடிகானை அடைகின்றது. நூறு வீடுகளின் நீரும் ஒரே வேளையில் ஒரே கானை நாடி ஓடுவதால், அக்கான் எத்துணை அகலமாயினும் போதாததாகின்றது. நீரின் அளவு கூடுவது ஒரு கேடு. அது வந்து சேரும் நேரம் சுருங்குவது அதனினும் பெரிய கேடு. பாதியளவு நீரை இரண்டு மணி நேரம் தாமதிக்கச் செய்தாலே கான் நிரம்பி வழிவது பெரிதும் குறையும். செடித்தொட்டியின் தத்துவம் முழுவதும் இதிலேயே தங்கியுள்ளது.

வன்னியில் ஆண்டொன்றுக்குப் பொதுவாக 1250 தொடக்கம் 1500 மில்லிமீற்றர் வரை மழை பெய்கின்றது. இது குறைந்த மழையன்று. ஆயினும் அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலான வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலேயே கொட்டித் தீர்ந்துவிடுகின்றது. ஆனி, ஆடி மாதங்களிலோ சோளகக் காற்று வீசிக் கிணறுகள் அடிகாண்கின்றன. மாரியில் வெள்ளத்துக்கு அஞ்சும் அதே குடும்பம் கோடையில் நீர்த்தாங்கி ஊர்தியை எதிர்பார்த்து நிற்கின்றது. இவ்விரு துன்பங்களும் வெவ்வேறானவை அல்ல. மாரியில் மண்ணுக்குட் புகாத நீரே கோடையிற் கிணற்றில் இல்லாத நீர்.

வவுனியாப் பகுதியின் நிலவமைப்பு இதனை மேலும் தெளிவாக்கும். அங்கு நிலத்தின் கீழே கடினப் பாறை உள்ளது. அப்பாறையின் மேலுள்ள சிதைவுற்ற படையிலேயே கிணற்று நீர் தங்குகின்றது. அப்படையின் தடிப்பு அதிகமன்று. ஆகையால் அது தேக்கிவைக்கும் நீரும் அளவுபட்டது. குளத்தில் நீர் நிற்கும் வரை அயற்கிணறுகளிலும் நீர் நிற்கும் என்பது அங்குள்ளோர் யாவரும் அறிந்ததே. மேலிருந்து நீர் இறங்கினாலன்றி அப்படை நிரம்புதற்கு வேறு வழியில்லை.

நகரங்களோ விரைந்து வளர்கின்றன. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தோர் பலர் வந்து குடியேறியதனால் வவுனியா நகர் விரிந்தது. 2009 ஆம் ஆண்டின் பின்னர்க் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அழிவிலிருந்து மீளக் கட்டியெழுப்பப்பட்டன. ஏ-9 நெடுஞ்சாலையின் இருமருங்கும் கடைகளும் வங்கிகளும் அலுவலகங்களும் எழுந்தன. ஓலையும் ஓடும் இருந்த இடத்திற் கூரைத்தகடும், மணல் முற்றம் இருந்த இடத்திற் கற்பதித்த தரையும் வந்தன. இவ்வளர்ச்சி வேண்டற்பாலதே. எனினும் ஒவ்வொரு புதுக் கூரையும் மண்ணுக்குரிய மழையில் ஒரு பங்கைப் பறித்து வீதிக்கு விடுகின்றது என்பதை மறத்தல் ஆகாது.

2018 ஆம் ஆண்டு டிசம்பர் 21, 22 ஆந் திகதிகளிற் பெய்த பெருமழையின்போது இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல்லாயிரக்கணக்கானோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2025 ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் இலங்கை முழுவதையும் வெள்ளத்தில் ஆழ்த்தியது. இத்தகைய பேரிடர்களைச் செடித்தொட்டி தடுக்கும் என்று யாம் கூறவில்லை. ஆயினும் நீருக்கு இடம் விடாத நகரம் எத்தகைய துன்பத்துக்கு ஆளாகும் என்பதை அவை எமக்கு உணர்த்தின.

செடித்தொட்டியின் அமைப்பு

வன்னியிற் பிறந்தவர்க்குச் செடித்தொட்டியின் அமைப்பை விளக்குதல் எளிது. ஏனெனில் அஃது ஒரு சிறு குளமே. குளத்துக்குரிய உறுப்புகள் அனைத்தும் அதற்கும் உண்டு.

குளத்துக்குக் கட்டு இருப்பது போலத் தொட்டிக்குச் சுவர் உண்டு. செங்கல்லாலோ சீமெந்துக் கல்லாலோ கொங்கிறீற்றாலோ அதனை அமைக்கலாம். குளத்துக்கு வரத்து வாய்க்கால் இருப்பது போலத் தொட்டிக்குக் கூரைப் பீலியிலிருந்து இறங்கும் குழாய் உண்டு. வீதியோரத் தொட்டியாயின் வீதிக் கரைக்கல்லில் வெட்டப்பட்ட வாயில் அவ்வேலையைச் செய்யும். நீர் விழும் இடத்தில் மண் அரிக்கப்படாதவாறு சில கருங்கற்களைப் பரப்புதல் வேண்டும். குளத்தின் அலைகரை போலத் தொட்டியின் மேற்பகுதியில் 15 தொடக்கம் 30 சென்ரிமீற்றர் வரை வெற்றிடம் விடப்படும். மழை வேளையில் நீர் அங்கே தேங்கி நிற்கும்.

அதன்கீழ் ஏறத்தாழ 45 சென்ரிமீற்றர் தடிப்பில் மணற்பாங்கான மண் இடப்படும். செடிகள் அதிலேயே வேரூன்றும். அதன்கீழ் பருமணலும் சிறுசல்லியும் மெல்லிய படையாக அமையும். மேலுள்ள மண் கீழிறங்கிக் கற்களின் இடைவெளிகளை அடைத்துவிடாமற் காப்பது இப்படையின் தொழில். அதற்கும் கீழே 30 சென்ரிமீற்றர் அளவிற் சல்லிக்கல் இடப்பட்டு, அதனூடே துளையிட்ட குழாய் ஒன்று செல்லும். அக்குழாயே தொட்டியின் துருசு. மண்ணினூடே வடிந்து தெளிந்த நீர் அதன்வழியாக மெல்ல வெளியேறும்.

இறுதியாக, வானில்லாத குளம் உடையும் என்பது போல வானில்லாத தொட்டி வீட்டுக்குள் வழியும். ஆதலின் தேக்க மட்டத்துக்கு மேல் வரும் நீர் வெளியேறுவதற்கு நிமிர்ந்த குழாயொன்றோ சுவரில் விடப்பட்ட தாழ்வோ அமைத்தல் இன்றியமையாதது. இவ்வான் வீட்டுச் சுவரை நோக்காமல் முற்றத்தையோ கானையோ நோக்கியதாய் இருத்தல் வேண்டும்.

இத்தொட்டிகள் இருவகைப்படும். ஒன்று அடிதிறந்த தொட்டி. இதற்குக் கீழ்த்தளம் இல்லை. நீர் நேரே நிலத்துள் இறங்கிக் கிணற்று நீரைப் பெருக்கும். மற்றது அடிமூடிய தொட்டி. இதன் அடியும் பக்கங்களும் நீர் கசியாதவாறு அமைக்கப்பட்டிருக்கும். நீர் மண்ணில் வடிந்து குழாய் வழியே மட்டும் வெளியேறும். கட்டடத்தின் அத்திவாரத்தை ஒட்டி வைக்கும் தொட்டி அடிமூடியதாகவே இருத்தல் வேண்டும். அடிதிறந்ததை அத்திவாரத்திலிருந்து ஏறத்தாழ 3 மீற்றருக்கு அப்பால் அமைப்பதே பாதுகாப்பானது. அடிமூடிய தொட்டி நிலத்தடி நீரைப் பெருக்காவிடினும், ஓட்டத்தைத் தாமதித்து நீரைத் தெளிவித்து விடுவதால் அதற்கும் பயனுண்டு.

கணக்கு

பயன் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். 100 சதுர மீற்றர் பரப்புள்ள கூரையொன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீற்றர் மழை ஒரு சதுர மீற்றரில் ஒரு லீற்றர் நீராகும். எனவே ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் அக்கூரையிலிருந்து 5000 லீற்றர் நீர் இறங்கும். ஆண்டு மழை முழுவதையும் நோக்கின் அச்சிறு கூரை 1,25,000 தொடக்கம் 1,50,000 லீற்றர் வரை நீரைத் தருகின்றது.

அக்கூரையின் அடியில் 10 சதுர மீற்றர் பரப்பில், அதாவது கூரைப் பரப்பின் பத்திலொரு பங்கில், தொட்டிகளை அமைத்தோமெனக் கொள்வோம். 30 சென்ரிமீற்றர் தேக்க வெளியில் 3000 லீற்றர் நிற்கும். நல்ல மணற்பாங்கான மண் மணிக்கு 10 சென்ரிமீற்றர் நீரை உள்வாங்குமாயின், அந்த ஒரு மணியில் மேலும் 1000 லீற்றர் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆக 5000 லீற்றரில் 4000 லீற்றர் தொட்டியிலே தங்க, எஞ்சிய 1000 லீற்றரே வான்வழி கானை அடையும். மழை ஓய்ந்தபின், தேங்கிய நீர் அதே விகிதத்தில் இறங்கினால் மூன்று மணியளவில் தேக்க வெளி வெறுமையாகி அடுத்த மழைக்கு ஆயத்தமாகிவிடும்.

இனி, ஒரே நாளில் 200 மில்லிமீற்றர் பெய்யும் பெருமழையைக் கருதுவோம். அப்போது அக்கூரை 20,000 லீற்றரைத் தரும். மழை இடைவிடாது கடுமையாகப் பெய்யின் தொட்டி தொடக்கத்திலேயே நிரம்பிவிடும். அதன்பின் வருவதிற் பெரும்பகுதி வான் பாய்ந்தே தீரும். ஆயினும் மாரியின் எல்லா நாட்களும் அத்தகைய நாட்கள் அல்ல. ஒரு பருவத்தின் மழைநாட்களுட் பெரும்பாலானவை சிறுமழையும் நடுத்தர மழையும் பெய்யும் நாட்களே. அவற்றின் நீரை ஏறத்தாழ முழுவதும் இத்தொட்டி ஏற்கும். மேலும், நெடுநாட் கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழையே கூரையினதும் வீதியினதும் அழுக்குகளைக் கழுவிக்கொண்டு வருவது. அதனை மண்ணில் வடித்து விடுவதனால் கீழுள்ள குளம் காக்கப்படுகின்றது.

பிறர் கண்ட பயன்

அமெரிக்க நாட்டின் ஒறிகன் மாநிலத்துப் போட்லந்து நகரில், பல்கலைக்கழகத்துக்கு அண்மையிலுள்ள 12 ஆம் நிழற்சாலையில் 2005 ஆம் ஆண்டு நான்கு செடித்தொட்டிகள் அமைக்கப்பட்டன. நடைபாதைக்கும் வாகனங்கள் நிற்கும் இடத்துக்கும் இடையே பயனற்றுக் கிடந்த ஒடுங்கிய நிலத்தையே அவற்றுக்குப் பயன்படுத்தினர். வீதியில் ஓடும் நீர் முதலாம் தொட்டியுட் புகும். அங்கே சில அங்குல உயரம் நிரம்பியதும் மிகுதி வெளியேறி வீதியோரமாகச் சென்று இரண்டாம் தொட்டியுட் புகும். அவ்வாறே மூன்றாவதும் நான்காவதும் நிரம்பும். நான்கும் நிரம்பிய பின்னரே நீர் கானை அடையும். ஏறத்தாழ 740 சதுர மீற்றர் வீதிப்பரப்பிலிருந்து ஆண்டொன்றுக்கு வரும் 6 இலட்சத்து 80 ஆயிரம் லீற்றர் அளவான நீரில் ஏறக்குறைய முழுவதையும் அவை ஏற்கின்றன என மதிப்பிடப்பட்டுள்ளது.

இதனைப் படிக்கும் வன்னியர் எவர்க்கும் ஒரு புன்முறுவல் தோன்றாதிருக்காது. மேற்குளம் வான் பாய்ந்து கீழ்க்குளம் நிரம்பும் எமது குளத்தொடரன்றோ அது! கடல் கடந்த நகரொன்று அதனைத் தன் நடைபாதையில் வரைந்து வைத்திருக்கின்றது. முன்னோர் நெறியை யாம் எமது நகரங்களில் மறந்திருக்க, அதே நெறியைப் பிறர் தம் அறிவாற் கண்டு பயன்கொள்கின்றனர்.

போட்லந்தின் மழை மென்மையானது. ஆண்டு முழுவதற்கும் 900 மில்லிமீற்றருக்குச் சற்று மேற்பட்டது. அங்கு கூரைப் பரப்பில் நூற்றுக்கு ஆறு பங்கு தொட்டி போதுமெனக் கொள்ளும் எளிய விதி உண்டு. எமது மழை கடுமையானது; ஆதலின் பத்திலொரு பங்கு எனக் கொள்ளல் நலம். வெப்பநாட்டு மழைக்கும் இம்முறை ஏற்குமா என ஐயுறுவோர் சிங்கப்பூரை நோக்குக. ஆண்டுக்கு 2400 மில்லிமீற்றர் அளவில் மழை பெறும் அந்நகரில், பொதுப் பயனீட்டுக் கழகம் 2006 ஆம் ஆண்டிலே தொடங்கிய நீர்நிலைத் திட்டத்தின் கீழ், நீரை வடித்துத் தெளிவிக்கும் செடிப்பாத்திகளும் மழைத்தோட்டங்களும் வீதியோரங்களிலும் பாடசாலைகளிலும் குடியிருப்புகளிலும் அமைக்கப்பட்டன. 2014 முதல், 0.2 ஹெக்டேயரும் அதற்கு மேலுமான நிலத்தில் எழும் புதிய கட்டடங்கள் தம் மழைநீரின் வேகத்தைத் தம் எல்லைக்குள்ளேயே தணிக்க வேண்டுமென விதி செய்யப்பட்டது.

தமிழ்நாட்டு அரசு 2003 ஆம் ஆண்டில் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. அதனாற் கிணறுகள் பயன்பெற்றன. ஆயினும் 2015 ஆம் ஆண்டு டிசம்பரிற் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பு போன்ற தாழ்நிலங்களும் ஏரிகளும் கட்டடங்களால் நிரப்பப்பட்டிருந்தமை அத்துன்பத்தைப் பெருக்கியது. வீட்டுக்கு வீடு நீரைச் சேகரித்தலும் வேண்டும்; நகரத்துக்குரிய நீர்நிலையைக் காத்தலும் வேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விடலாகாது என்பதே சென்னை எமக்குத் தரும் பாடம். எமது நாட்டிலும் 2007 ஆம் ஆண்டு நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டத்துக்குச் செய்யப்பட்ட திருத்தம் நகரப் புதுக் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்புக்கு வழி செய்துள்ளது. சட்டம் உண்டு, அதனைச் செயலாக்கும் ஆர்வமே பெருக வேண்டும்.

வன்னிக்கு ஏற்றவாறு

பிறநாட்டு முறையை அப்படியே பெயர்த்து நடுதல் அறிவுடைமை ஆகாது. மண்ணையும் பருவத்தையும் நோக்கி மாற்றிக்கொள்ளல் வேண்டும்.

முதலாவதாக மண். வன்னியிற் பரந்து காணப்படும் செங்கபில மண் உலர்ந்தவிடத்துக் கல்லாய் இறுகும், நனைந்தவிடத்து ஒட்டும். அதனை மட்டும் தொட்டியில் இட்டால் நீர் இறங்காது தேங்கும். ஆகையால் மணலை மிகுதியாகவும், அம்மண்ணைக் குறைவாகவும், நன்கு உக்கிய கூட்டெருவைப் பத்திலொரு பங்காகவும் கலத்தல் நன்று. எருவை அளவு மீறி இட்டால் அதன் சத்து நீருடன் கரைந்து சென்று குளத்தில் ஆகாயத்தாமரையையும் பாசியையும் வளர்க்கும்.

அடிதிறந்த தொட்டி அமைக்குமுன் நிலத்தைச் சோதித்தல் வேண்டும். 30 சென்ரிமீற்றர் ஆழக் குழியொன்று தோண்டி, ஒருமுறை நீர் நிரப்பி ஊறவிட்டு, மறுமுறை நிரப்பி, ஒரு மணியில் எத்துணைச் சென்ரிமீற்றர் இறங்குகின்றது என அளந்தறிக. 5 சென்ரிமீற்றருக்குக் குறையாது இறங்குமாயின் அடிதிறந்த தொட்டி தக்கது. குறையின் துருசுக்குழாயைத் தவறாது அமைத்தல் வேண்டும். வன்னி முழுவதும் ஒரே தன்மையதன்று. முல்லைத்தீவுக் கரையோர மணலில் நீர் தானாகவே இறங்கும். அங்கு மாரியில் நிலத்தடி நீர் மேலெழுந்து நிற்பதால் ஆழமான தொட்டியாற் பயன் குறைவு. வவுனியாவின் இறுகிய மேட்டு நிலத்திலும் கிளிநொச்சி நகரின் கடைத்தெருக்களிலுமே இதன் தேவை மிகுதி.

இரண்டாவதாகச் செடி. மாரியில் வேர் நீரில் நிற்கவும் கோடையில் நீரின்றிப் பொறுக்கவும் வல்ல செடியே இதற்கு உரியது. வெட்டிவேர் இவ்விரண்டிலும் சிறந்தது. அதன் வேர்கள் மண்ணை இறுகவிடாது காப்பதோடு அழுக்கையும் ஈர்க்கும். கோரை வகைகளும் கல்வாழையும் ஏற்றவை. நீர்க்கரைகளில் இயல்பாக வளர்வதும், கிளிநொச்சியின் பெயரிலேயே இடம்பெற்றதுமான நொச்சியையும் கத்தரித்துச் சிறிதாக வளர்க்கலாம். துளசி போன்றவை நீர் தேங்கின் அழுகும். மருது, அரசு முதலியவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். வீதி நீரில் எண்ணெயும் உலோகத் துகள்களும் கலந்திருக்குமாதலின் வீதியோரத் தொட்டியிற் கீரையும் காய்கறியும் நடுதல் கூடாது.

மூன்றாவதாக நுளம்பு. "நீரைத் தேக்கினால் டெங்கு வாராதோ?" என வினவுவோர் வினவுதல் நியாயமே. டெங்கைப் பரப்பும் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கும் நிலையை அடைய ஒரு கிழமைக்கு மேற்பட்ட காலம் செல்லும். ஒழுங்காக அமைந்த தொட்டியில் நீர் சில மணி நேரமே மேலே நிற்கும். மழை ஓய்ந்து ஒரு நாள் கழிந்தும் நீர் நின்றால் அத்தொட்டி பழுதுற்றது என்பதே பொருள். மேற்படையிற் படிந்த வண்டலைச் சுரண்டி எடுத்து, மண்ணைக் கிளறி, துருசுக்குழாயை நோக்குதல் வேண்டும். வழிந்தோட வழியற்ற பூச்சாடித் தட்டும் சிரட்டையும் பழைய டயருமே நுளம்பின் வளர்ப்பிடங்கள்.

நான்காவதாகப் பராமரிப்பு. மாரி தொடங்குமுன் குளத்துக்குரிய கமக்காரர் கூடிக் குளக்கட்டைத் துப்புரவாக்கி வாய்க்காலைச் செப்பனிடுவர். அதே வேலையைப் புரட்டாதி மாதத்திலே தொட்டிக்கும் செய்தல் வேண்டும். பீலியில் தங்கிய சருகை அகற்றுதல், வாயிலை அடைக்கும் பொலித்தீனை எடுத்தல், வான் திறந்துள்ளதா என நோக்குதல் ஆகியன அரைநாள் வேலைகளே. கடுங்கோடையிற் செடிகள் கருகாதிருக்கக் கைகழுவிய நீரை ஊற்றினாற் போதும்.

இவற்றோடு இன்னும் இரண்டு எச்சரிக்கைகள் உள. நனைந்த மண் ஒரு கனமீற்றர் ஏறத்தாழ இரண்டு தொன் நிறையுடையது. ஆகையாற் பொறியியலாளரின் அனுமதியின்றி மேன்மாடத்தில் இத்தொட்டியை அமைத்தல் ஆபத்தாகும். நிலத்திலேயே அமைத்தல் வேண்டும். மலசலகூடக் குழிக்கு அண்மையில் அடிதிறந்த தொட்டியை அமைப்பதும் தவறு. இறங்கும் நீர் அவ்வழுக்கையும் கிணற்றுக்குக் கொண்டு செல்லக்கூடும்.

செடித்தொட்டியால் இயலாதது

ஒரு பொருளின் பயனைக் கூறுவோர் அதன் எல்லையையும் கூறுதல் கடன். செடித்தொட்டி குளத்துக்கு ஈடாகாது. நகரினுள் அகப்பட்ட குளமொன்றின் அலைகரையை மண்ணிட்டு நிரப்பிக் கடை கட்டிய ஒருவர், அக்கடை வாயிலில் அழகிய செடித்தொட்டி வைப்பாராயின் அது நகைப்புக்கே இடமாகும். ஒரு ஏக்கர் அலைகரையில் ஒரு மீற்றர் ஆழ நீர் நிற்குமாயின் அது 40 இலட்சம் லீற்றருக்கு மேல். அதற்கு ஈடு செய்ய, யாம் மேலே கணக்கிட்ட அளவான தொட்டிகள் ஆயிரம் வீடுகளில் வேண்டும்.

அங்ஙனமாயின் தொட்டி எதற்கு? குளத்தைக் காப்பதற்கே தொட்டி. நகரக் குளங்கள் இன்று இருபுறமும் நெருக்கப்படுகின்றன. ஒருபுறம் அவற்றின் பரப்புக் குறைகின்றது. மறுபுறம் அவற்றுள் வரும் நீரின் வேகமும் அழுக்கும் கூடுகின்றன. பரப்பைக் காத்தல் சட்டத்தினதும் அதிகாரிகளினதும் பொறுப்பு. வரும் நீரைத் தணித்தலும் தெளிவித்தலும் ஒவ்வொரு கூரைக்குரியவரதும் பொறுப்பு. மேட்டுக் காடு தன் வேரினாலும் சருகினாலும் குளத்துக்குச் செய்துவந்த தொண்டை, அக்காடு வீடாகிய பின் அவ்வீடே செய்தல் முறையன்றோ!

கல்லூரியிற் செய்யத்தக்கது

பாடசாலைகள் நகரத்தின் மிகப் பெரிய கூரைகளுக்கு உரியவை. வகுப்பறைத் தொகுதி, மண்டபம், ஆய்வுகூடம், விடுதி எனப் பல கூரைகள் ஒரே வளவில் அமைந்திருத்தல் வேறிடத்தில் அரிது. நீர் விழுமிடத்தில் திறந்த நிலமும் அங்கே உண்டு. உழைக்க இளைஞரும், வழிகாட்ட ஆசிரியரும், பொருளுதவி செய்யப் பழைய மாணவரும் உளர். ஆதலின் இம்முயற்சிக்குக் கல்லூரி வளவே தக்க தொடக்க இடமாகும்.

ஒரு வகுப்பறைத் தொகுதியின் ஒரு பீலியை மட்டும் முதலில் எடுத்துக்கொள்க. அதன் கீழ் ஒரு தொட்டியை அமைத்து, அருகே மழைமானியொன்றை நிறுவுக. எத்துணை மில்லிமீற்றர் மழையில் வான் பாய்ந்தது, நீர் இறங்க எத்துணை நேரம் சென்றது, எச்செடி பிழைத்தது, எச்செடி பட்டது என மாணவர் நாடோறும் ஏட்டில் எழுதி வருக. கணிதம், புவியியல், விஞ்ஞானம், விவசாயம் ஆகிய நான்கு பாடங்களும் அவ்வேட்டில் ஒன்றுகூடும். வளவுக் கிணற்றின் நீர்மட்டத்தையும் கிழமைதோறும் கயிறிட்டு அளந்து குறித்தால், ஆண்டுகள் சில செல்ல அது வன்னிக்கே பயன்படும் பதிவேடாகும். கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும், 2021 ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாப் பல்கலைக்கழகமும் எமது அயலிலேயே உள்ளன. மாணவர் தொகுத்த அளவுகளை அங்குள்ள அறிஞரிடம் காட்டி அறிவுரை பெறலாம்.

பழைய மாணவருட் பலர் இன்று பொறியியலாளராயும், கட்டட ஒப்பந்தகாரராயும், உள்ளூராட்சிச் சபைகளின் அலுவலராயும், கடைக்கும் வீட்டுக்கும் உரியவராயும் விளங்குகின்றனர். புதுக் கட்டடத்துக்கு வரைபடம் வரைவோர், பீலி எங்கே இறங்குகின்றது என்ற ஒரு வினாவை எழுப்புக. அவ்வரைபடத்துக்கு ஒப்புதல் அளிப்போரும் அதே வினாவை எழுப்புக. கட்டி முடித்த பின் இடித்து மாற்றுதல் செலவு மிக்கது. கட்டும்போதே ஒரு தொட்டிக்கு இடம் விடுதற்குச் செலவு சிறிதே. எமது நகரங்கள் இன்னும் எழுந்துகொண்டிருக்கும் நகரங்கள். பழம்பெரு நகரங்களுக்கு இல்லாத இவ்வாய்ப்பு எமக்கு உண்டு. அது நெடுங்காலம் நில்லாது.

விழாக் காலங்களில் நினைவுக் கல்லும் வளைவும் எழுப்புதல் வழக்கம். அவற்றோடு, கூரைக்கு ஒரு தொட்டி என்ற முறையில் ஆண்டுக்கொன்றாயினும் அமைத்து, அதனைப் பேணும் பொறுப்பை ஒவ்வோர் ஆண்டு மாணவரும் அடுத்த ஆண்டினர்க்குக் கையளிப்பாராயின், அடுத்த விழா வருமுன் கல்லூரி வளவின் நீர் கல்லூரி மண்ணிலேயே இறங்கக் காண்போம். மேட்டில் உள்ளவன் தடுத்து வைத்த நீர் தாழ்விலுள்ளவனின் வீட்டைக் காக்கும். கோடையில் இருவர் கிணற்றுக்கும் ஊறும். இந்நன்மையை எமது மாணவர் தம் கையாற் செய்து காட்டுவாராக.